புலம்பலுக்கென்று ஒரு வாத்தியம்

தம்பி செத்து இருபத்தேழாம் நாள் நான் சூரிச்சில் இறங்கினேன். விசா கைக்கு வந்தபோது அவனை எரித்துப் பத்தொன்பது நாளாகியிருந்தது. அந்தியேட்டிக்காவது போய்ச் சேருகிறாயே என்று ஊரில் ஆறுதல் சொன்னார்கள். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எதையாவது சொல்லத்தானே வேண்டும்.

நான் யாழ்ப்பாணத்தில் கொக்குவிலில் இருக்கிறேன். தபால் கந்தோரில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆனால் ஊரில் என்னைத் தெரிந்து வைத்திருப்பது அதனால் அல்ல. நான் கல்வெட்டு எழுதுகிறவள். எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்து, வந்தவர்களுக்குச் சோறு போட்டு, செத்தவரின் படத்தோடு ஒரு சின்னப் புத்தகமும் கொடுப்போம். அதற்குத்தான் கல்வெட்டு என்று பெயர். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், சகோதரர் புலம்பல் என்று அவரவர் தங்கள் வாயாலேயே அழுவது போல அதில் பாட்டுகள் இருக்கும். அழுகிறவர்கள் யாரும் அவற்றை எழுதுவதில்லை. என்னைப் போல ஒருத்தி எழுதிக் கொடுப்பாள். நான் எழுதுவதோடு நிற்காமல் சபையில் பாடியும் கொடுப்பேன்.

தம்பி நேசனின் கல்வெட்டையும் நானே எழுதினேன். மனைவிக்கு எட்டு விருத்தம், மகளுக்கு ஆறு, எனக்கு ஐந்து. கைத்தொலைபேசியில் தட்டி, நேசனின் மனைவியான என் மச்சாளுக்கு அனுப்பிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். அங்கே அச்சடித்து வைப்பதாகச் சொல்லியிருந்தாள்.

விமான நிலையத்துக்கு நேசனின் ஒரே மகள் மயூரி வந்திருந்தாள். இருபத்தேழு வயது, மருந்துக் கடையில் வேலை. சுவிஸில் பிறந்து வளர்ந்தவள். தகப்பனுக்குக் கொள்ளி வைத்ததும் அவள்தான். பெண்பிள்ளை கொள்ளி வைக்கலாமா என்று ஊரில் இரண்டு நாள் கதைத்தார்கள். கதைத்தவர்களில் நானும் ஒருத்தி. அவளுடைய கையைப் பிடித்தபோது அது எனக்கு வெட்கமாக இருந்தது.

சூரிச்சுக்குப் பக்கத்தில் ஷ்லீரனில் மூன்றாம் மாடி வீடு. கதவு திறந்ததும் நேர் எதிரே நேசனின் படம், மாலை, மின்சார விளக்கு. பன்னிரண்டு வருஷமாகப் படத்தில்கூடப் பார்க்காத முகம். கன்னம் பெருத்து, முன்தலை மயிர் எல்லாம் போயிருந்தது. நான் தலையில் கையை வைத்துக்கொண்டு பெருங்குரலில் தொடங்கினேன். மச்சாள் தேவி ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். கூட அழத்தான் வந்தாள் என்று நினைத்தேன்.

"மச்சாள், மெல்லமா," என்றாள் காதுக்குள். "இப்ப பன்ரெண்டே கால். ஒரு மணி மட்டும் ரூஹே. சத்தம் போட்டால் கீழ்வீட்டுக்காரி முறைப்பாடு எழுதிப் போடுவாள்."

ரூஹே என்றால் அமைதி. மத்தியானம் ஒரு மணித்தியாலம் கட்டிடம் முழுவதும் அமைதியாக இருக்க வேண்டுமாம். அழுகைக்கும் நேர அட்டவணை போட்ட ஊர் இது. நான் ஒரு மணி வரை சோபாவில் உட்கார்ந்து சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒரு மணிக்கு அழுகை வரவில்லை. பசிதான் வந்தது. மச்சாள் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தாள். குளிரூட்டியிலிருந்து எடுத்த தேங்காய்ப்பூவில் அவித்த புட்டு. வாயில் சவுக்கென்று இருந்தாலும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை வின்டர்தூர் அச்சகத்திலிருந்து கல்வெட்டுப் பெட்டி வந்தது. வழுவழுப்பான தாள், முன்னட்டையில் நேசன் கோட் போட்டு நின்றான். நான் எழுத்துப் பிழை பார்க்கும் சாக்கில் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். வாழ்க்கை வரலாறு, தேவாரம், மனைவி புலம்பல், மகள் புலம்பல். அதற்கடுத்து நேரே நன்றி நவிலல். சகோதரி புலம்பலைக் காணவில்லை.

"மச்சாள், என்ர பாட்டு எங்கே?"

"பக்கம் போதாமப் போச்சுது மச்சாள்," என்றாள் தேவி, இடியப்பத் தட்டை என் பக்கம் தள்ளியபடி.

பின்னட்டைக்கு முன்னால் ஒரு முழுப் பக்கம் வெறுமையாக இருந்தது. அதை அவளுக்குக் காட்டவில்லை. நான் கேட்க வேண்டியது வேறு. முப்பது மணித்தியாலம் பயணம் செய்து வந்ததும் அதைக் கேட்கத்தான்.

"நேசன் கடைசியா என்னைப் பற்றி ஏதும் கதைச்சவனோ?"

"ஸ்டேஷனில வேலைக்குப் போக நிண்ட இடத்தில விழுந்தவர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே சரி. ஆரைப் பற்றியும் கதைக்க நேரம் இருக்கேல்லை."

"நான் அதுக்கு முதல் கேக்கிறன். ஒரு மாசம், ரெண்டு மாசத்துக்கு முதல்."

"தேத்தண்ணி ஆறுது. குடியுங்கோ," என்று சொல்லிவிட்டு அவள் உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு நிலக்கீழ் அறைக்குப் போய்விட்டாள். அன்றைக்கு அவர்களுடைய தோய்க்கிற முறை. இந்தக் கட்டிடத்தில் சாவு வீட்டுக்கும் பதினான்கு நாளுக்கு ஒரு முறைதான் வாஷிங் மெஷின்.

அடுத்த நாள் தர்ப்பையும் எள்ளும் வாங்க சூரிச்சில் தமிழ்க் கடைக்கு நானே போகிறேன் என்று வெளிக்கிட்டேன். மச்சாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் இருக்கப் பிடிக்கவில்லை. வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். எனக்கு வாய் இருந்தது, மொழிதான் இல்லை. போவது நன்றாகத்தான் போனேன். திரும்பும்போது ஷ்லீரனில் ரயில் நின்றது. நான் கதவுக்கு முன்னால் பையோடு மரியாதையாக நின்றேன். கதவு திறக்கவில்லை. கதவில் ஒரு பச்சைப் பொத்தான் மினுங்கியது. அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ரயில் என்னையும் தர்ப்பையையும் தூக்கிக்கொண்டு புறப்பட்டது.

"அந்தப் பட்டனை அமுக்கணும்மா. இங்க கதவு தானா திறக்காது," என்றது ஒரு குரல். முதுகுப் பையோடு ஓர் இளைஞன். கம்ப்யூட்டர் வேலை, ஊர் திருச்சி என்றான். அடுத்த நிலையத்தில் என்னோடு இறங்கி, எதிர்ப் பக்க ரயிலில் ஏற்றி, தானும் ஏறினான். நல்ல பிள்ளை. ஊரில் தாய் தனியாக இருக்கிறாவோ என்று கேட்டேன்.

"ஆமாம்மா. ஆனா தினமும் வீடியோ கால்ல பாத்துடுவேன். சாப்பிட்டாங்களா, மாத்திரை போட்டாங்களான்னு முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சிடும். ஏமாத்த முடியாது."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே தொழிற்சாலைக் கூரைகளும் நனைந்த தண்டவாளமும். நவம்பர் மாதத்தில் இந்த ஊருக்குச் சூரியன் வருவதில்லை போலும்.

அம்மா செத்தபோது என்னிடம் இருந்தது பட்டன் போன். குரல் மட்டும்தான் போகும். நேசனிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் புத்தகம். எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் போகக் கூடாது என்று அதிலேயே போட்டிருக்கும். சண்டை முடிந்திருந்தது, பயம் முடியவில்லை. சொன்னால் அவன் கேட்கமாட்டான், வெளிக்கிட்டு வருவான் என்று எனக்குத் தெரியும். வந்தால் இங்கே பிடிப்பார்கள், அல்லது அங்கே பெர்மிட் போகும். பெண்சாதி பிள்ளையோடு நடுத்தெருவில் நிற்பான். ஆகவே நான் சொல்லவில்லை. எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவு முடிந்த பிறகுதான் சொன்னேன்.

அதை மட்டும் என்றால் அவன் மன்னித்திருப்பான். எங்கள் ஊரில் அப்படிச் செய்த குடும்பங்கள் எத்தனையோ. ஆனால் அந்த எட்டு நாளுக்குள் அவன் இரண்டு முறை போன் எடுத்தான். அம்மாவிடம் கொடு என்றான். "அம்மா நித்திரையடா, எழுப்ப ஏலாது," என்றேன் நான். முதல் தரம் சொல்லும்போது அம்மா கூடத்தில் கிடந்தா. இரண்டாம் தரம் சாம்பலாகி மூன்று நாள். முப்பது வருஷம் தபால் கந்தோரில் இருந்தவள் நான். ஊரவர்களின் சாவுத் தந்தி ஒன்றையாவது ஒரு மணித்தியாலம் பிந்த விட்டதில்லை.

பிறகு அவன் என்னோடு கதைக்கவில்லை. சுவிஸ் பாஸ்போர்ட் கிடைத்த வருஷம் யாழ்ப்பாணம் வந்தான். ஹோட்டலில் தங்கி, கீரிமலையில் அம்மாவுக்குப் பிதிர்க்கடன் செய்து, அப்படியே கொழும்புக்குத் திரும்பிப் போனான். என் வீடு வழியில்தான் இருக்கிறது. நான் அன்றைக்குச் சோறு ஆக்கி வைத்திருந்தேன். கோபம் ஆறும், தம்பிதானே, ஆறாமல் எங்கே போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இத்தனை வருஷமும் இருந்துவிட்டேன். ஆறியதா என்பதை இப்போது யாரிடம் கேட்பது?

முப்பத்தோராம் நாள் லிம்மாட் ஆற்றங்கரையில் கிரியை. ஐயர் வேட்டிக்கு மேல் தடித்த ஜாக்கெட், காலில் இரண்டு சோடி சொக்ஸ். மந்திரம் அவருடைய வாயிலிருந்து ஆவியாக வந்தது. மயூரி முழங்கால் அளவு தண்ணீரில் நின்று சாம்பலைக் கரைத்தாள். உதடு நீலமாகிவிட்டது. ஆற்றின் மறுகரையில் ஒருவர் நாயோடு நின்று தொப்பியைக் கழற்றினார். கீரிமலையில் என்றால் பக்கத்தில் நாலு பேர் குளித்துக்கொண்டும் சண்டை பிடித்துக்கொண்டும் இருப்பார்கள், துக்கம் அந்தச் சத்தத்தில் கொஞ்சம் கரையும். இங்கே அது அப்படியே நின்றது.

மண்டபத்தில் படையல். வாழையிலையில் பதினெட்டு வகைக் கறி, பயற்றம் பணியாரம், வடை. நடுவில் பிறை வடிவத்தில் இரண்டு பேக்கரிப் பணியாரம். "கிப்ஃபெலி. அப்பாவுக்கு விருப்பம். ஒவ்வொரு நாளும் ஒண்டு வாங்குவார்," என்றாள் மயூரி. தம்பிக்கு என்ன பிடிக்கும் என்பதை நான் மற்றவர்களிடம் கேட்டு அறிய வேண்டியிருந்தது.

கல்வெட்டு பாடச் சொன்னார்கள். மனைவி புலம்பலைப் பாடினேன், மகள் புலம்பலைப் பாடினேன். பெண்கள் மூக்கைத் துடைத்தார்கள். அதோடு புத்தகத்தை மூடியிருக்க வேண்டும். கெடுகுடி சொற்கேளாது. எனக்குள் இருந்த கோபம் என்னை உட்கார விடவில்லை. புத்தகத்தில் இல்லாவிட்டால் என்ன, மனத்தில் இருக்கிறதே என்று என் பாட்டைத் தொடங்கினேன்.

"கோபம் அறியாத கொள்கையனே என்தம்பி
தீபம் அணைந்ததடா திசைதெரியா தானேனே..."

ஐந்து விருத்தமும் பாடினேன். நல்ல குரல் அன்றைக்கு. லோசானிலிருந்து வந்த ஒரு கிழவர் எழுந்து வந்து, "கல்லும் கரையும் தங்கச்சி," என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் மச்சாளைத் தேடினேன். முதல் அடியிலேயே அவள் எழுந்து குசினிப் பக்கம் போய்விட்டதாக மயூரி சொன்னாள். சாப்பாடு முடிந்து, கார் ஏறி, வீடு வந்து சேரும் வரை அவள் என்னோடு ஒரு சொல் பேசவில்லை.

மறுநாள் அவளாக வந்து பேசியது ஒரு கடிதத்தால். நேசன் வின்டர்தூரில் ஓர் இசைப் பள்ளியில் துப்புரவு வேலை செய்தவன். அங்கே அவனுடைய அலுமாரியில் கிடக்கும் சாமான்களை எடுத்துப் போகச் சொல்லியிருந்தார்கள். அதே உறைக்குள் இன்னொரு அட்டை. ரெகுலா என்று கையெழுத்து. அங்கே வாத்தியம் வாசிக்கிறவளாம். மயூரி வாசித்துச் சொன்னாள்: "உங்கள் கணவர் எனக்குப் பாடியதை மறக்கமாட்டேன். சாமான் எடுக்க வரும் நாளில் என்னைப் பார்க்க முடியுமா?"

"அந்தாளோ? பாடினவரோ?" என்றாள் மச்சாள். "வீட்டில விசில்கூட அடிக்கமாட்டார். ஆள் மாறி எழுதிப்போட்டாள்."

சின்ன வயதில் அவன் பாடுவான் என்று எனக்குத் தெரியும். கோயிலில் பஞ்சபுராணம் பாட அவனைத்தான் கூப்பிடுவார்கள். மூன்று பேரும் ரயில் ஏறினோம். இந்தத் தரம் பொத்தானை நானே அமுக்கினேன்.

அலுமாரியில் இருந்தது கொஞ்சம்தான். வேலைச் சப்பாத்து, கையுறை, பாதி முடிந்த விபூதிப் பை, பழைய கம்பளித் தொப்பி. மச்சாள் தொப்பியை முகர்ந்து பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள். ரெகுலா எங்களை மேல்மாடியில் ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப் போனாள். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைத் தலை, காலில் வீட்டுச் செருப்பு. எங்கள் மூவரின் கையையும் ஒவ்வொன்றாகப் பிடித்து ஏதோ சொன்னாள். சாவு வீட்டில் சொல்வது எந்த மொழியில் சொன்னாலும் விளங்கிவிடுகிறது.

அறையில் ஒரு நாற்காலி, பக்கத்தில் அந்த வாத்தியம். பெரிய வயலின் என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் தலை அகன்று இலை மாதிரி இருந்தது, தந்தியை இறுக்கும் முறுக்காணிகள் நெருக்கமாக நின்றன. தந்திகளை எண்ணினேன், பதினான்கு. எல்லாம் ஆட்டுக் குடலில் திரித்தவை என்று மயூரி மொழிபெயர்த்ததும் மச்சாள் தொடப்போன கையை இழுத்துக்கொண்டாள்.

அதன் பெயர் லிரோனே. இத்தாலியில் நானூறு வருஷத்துக்கு முன்னால் இருந்தது, பிறகு வழக்கொழிந்து போனது. நூதனசாலைகளில் மிஞ்சியிருப்பவை மிகக் கொஞ்சம், அவற்றையும் பழைய படங்களையும் பார்த்துப் புதிதாகச் செய்கிறார்கள். வயலினில் தந்தியைத் தாங்கும் குதிரை வளைந்திருக்கும், வில் தனித் தந்தியைத் தொட முடியும். இதில் குதிரை கிட்டத்தட்டத் தட்டை. வில்லை வைத்தால் மூன்று நான்கு தந்தி சேர்ந்தேதான் ஒலிக்கும். தனியே ஒரு மெட்டை வாசிக்க இது உதவாது என்றாள் ரெகுலா.

"அப்ப என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

மயூரி கேட்டுச் சொன்னாள்: "ஆராவது அழுது பாடேக்க கீழ வாசிக்கிறதுக்காம், மாமி. நாடகத்தில புருஷன் விட்டுட்டுப் போன பொம்பிளை, பிள்ளை செத்த தாய், அப்பிடி ஆக்கள் பாடுவினமாம். அதுக்கெண்டே இதைக் கூப்பிடுவினமாம்."

புலம்பலுக்கென்று ஒரு வாத்தியம். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ரெகுலா அதை முழங்கால்களுக்கிடையில் நிறுத்தி, உள்ளங்கை மேலே பார்க்க வில்லைப் பிடித்து, இழுத்தாள்.

உண்மையைச் சொன்னால் முதலில் ஏமாற்றம்தான். நாதஸ்வரக்காரர் வராமல் ஒத்து ஊதுகிறவர் மட்டும் வந்து கச்சேரி செய்தது போல இருந்தது. மெல்லிய, மூக்கடைத்த சத்தம். அடுத்த வீட்டில் யாரோ ஆர்மோனியம் வாசிக்கிறார்கள் என்று சொல்லலாம். ஒரு சுரக்கூட்டு இன்னொன்றாக மாறும், நிற்கும், திரும்ப மாறும். இதையா என் தம்பி கேட்டுக்கொண்டிருந்தான்?

பகலில் அறைகள் எல்லாம் மாணவர்களுக்கு. ஆகவே ரெகுலா விடியற்காலையில் வந்து பழகுவாளாம். அந்த நேரத்தில் நேசன் தளம் துடைப்பான். ஒரு நாள் வாசலில் துடைப்பத்தோடு நின்றவன், எங்கள் ஊரிலும் இப்படி அழுகிற பாட்டு இருக்கிறது என்று சொன்னானாம். பாடுங்கள் என்றாளாம். ஒரு கிழமை, ஏழு நாளும், மறுத்தான். பிறகு பாடினான். அதன்பின் மூன்று வருஷம், வேலை நாள் எல்லாம், அதே ஒரு பாட்டு. எந்தச் சொல்லுக்கு எந்தச் சுரக்கூட்டு பொருந்தும் என்று இருவரும் தேடித் தேடிச் சேர்த்தார்களாம். மறக்காமலிருக்க அவள் கைத்தொலைபேசியில் பதிந்து வைத்திருந்தாள். கடைசியாகப் பதிந்தது அவன் விழுந்ததற்கு முந்தின கிழமை.

"கேட்கிறீர்களா?"

மச்சாள் தலையாட்டினாள். ரெகுலா கைத்தொலைபேசியை இசைத்தாள் வைக்கும் தாங்கியில் சாத்தினாள். வாளியின் சில்லு உருளும் சத்தம். ஓர் இருமல். லிரோனே தொடங்கியது. பிறகு நேசனின் குரல். வயது போயும் சுருதி நழுவாத குரல்.

"ஆற்றைக் கடந்துவந்தேன் ஆழ்கடலும் தாண்டிவந்தேன்
காற்றாய்ப் பறந்துவரக் கால்விலங்கு விட்டதில்லை..."

அது என் பாட்டு. அம்மாவின் கல்வெட்டுக்கு நான் எழுதியது. வெளிநாட்டு மகன் புலம்பல் என்று தலைப்பிட்டு, அவன் வாயால் அழுவது போல நானே எழுதி, அச்சடித்து, தபாலில் அனுப்பி வைத்தேன். கிழித்துப் போட்டிருப்பான் என்று நினைத்திருந்தேன்.

இந்த முறை வாத்தியம் வேறாகக் கேட்டது. சாவு வீட்டில் அழுகிறவளின் முதுகில் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் ஒருத்தி இருப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். இவள் மூச்சு வாங்கும்போதும் அவள் கையை எடுக்கமாட்டாள். அப்படி இருந்தது அது. குரல் ஏறும்போது ஒதுங்கி, இறங்கும்போது கீழே வந்து ஏந்திக்கொண்டது. தனியாகக் கேட்டு ஏளனமாக நினைத்தேனே என்று மனம் கூசியது. ஒருவர் அழாமல் அதற்குச் சத்தமே இல்லை. அவன் என் பாட்டை இத்தனை காலமும் காப்பாற்றியிருக்கிறான், அப்படியென்றால் என்னை மன்னித்துவிட்டான் என்று நான் அழத் தொடங்கினேன். சந்தோஷத்தில் வந்த அழுகை அது.

"போற்றி வளர்த்தமுகம் போகையிலே பார்க்கவிடாக்
கூடப் பிறந்தாள் மறைத்தாளே கொடுமையிதை என்சொல்வேன்."

நான் எழுதியது 'கூற்றுவனும் மறைத்தானே' என்று. யமன் மேல் போட்டிருந்தேன். யமன் மேல் போடுவது எங்கள் தொழிலில் வழக்கம், யாருக்கும் நோகாது. அவன் யமனை எடுத்துவிட்டு என்னை வைத்திருந்தான். எதுகை போனது, மோனை நின்றது. தம்பிக்குப் பாட்டுத் தெரியும்.

அந்த இடத்தில் வாத்தியம் ஒரு மாதிரி முறுகியது. இரண்டு சுரம் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. நின்றபடியே பாட்டு முடிந்தது.

ரெகுலா கைத்தொலைபேசியை நிறுத்தினாள். "கடைசியில் வருகிற அந்த உரசலை எப்போதும் அடுத்த வில்லில் தீர்த்து வைப்போம். அதுதான் முறை. நான் தீர்க்கப் பார்க்கும்போதெல்லாம் அவர் கையை உயர்த்துவார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்பார். மூன்று வருஷமாக ஏன் என்று கேட்டேன். சொல்லவில்லை. அந்த வரிக்கு என்ன அர்த்தம்?"

மயூரி அதை எனக்குச் சொல்லிவிட்டு, "எனக்கும் சரியா விளங்கேல்லை மாமி. புத்தகத் தமிழ். அம்மம்மாவைப் பற்றியோ?" என்றாள். அவள் பிறக்க முந்தின ஊர்ச் சங்கதிகள் போல, இந்தச் சண்டையையும் அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

சொல்வதற்கு ஒன்று நுனிநாக்கில் வந்து நின்றது. விதியைப் பற்றிப் பாடுறான், பிள்ளை. அவ்வளவுதான். சொல்லியிருந்தால் பிள்ளை நம்பியிருக்கும், அந்த வெள்ளைக்காரி எழுதி வைத்துக்கொண்டிருப்பாள். எனக்குப் பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று பயந்துபோனேன். மச்சாள் தொப்பியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா செத்ததைக் கூடப் பிறந்தவள் மறைச்சுப்போட்டாள் எண்டு பாடுறான்."

"ஆர் கூடப் பிறந்தவள்?"

"அவனுக்கு எத்தினை அக்கா? நான்தான்."

மயூரி என்னைப் பார்த்தாள். பிறகு ரெகுலாவின் பக்கம் திரும்பி ஜெர்மன் மொழியில் மெல்லச் சொன்னாள். நீளமாகச் சொன்னது போல இருந்தது. என் பாவம் எனக்குத் தெரியாத மொழியில் போவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அதுதான் உங்கட பாட்டை எடுத்தனான்," என்றாள் மச்சாள். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "கோபம் அறியாத எண்டு எழுதியிருந்தியள். அந்தாள் பன்ரெண்டு வருஷமும் கோவமாத்தான் இருந்தவர். உங்கட பேர் எடுத்தால் சாப்பாட்டில இருந்து எழும்பிப் போயிடுவார். செத்தாப் பிறகும் அவர்ர வாயைப் பொத்தக் கூடாது எண்டு நினைச்சன். உங்கட முகத்துக்கு நேர சொல்ல எனக்கு ஏலாமப் போச்சு, மச்சாள்."

கேட்க வந்ததைக் கேட்டுவிட்டேன். ஆறவில்லை. கடைசிக் கிழமை வரை ஆறவில்லை.

ரெகுலா மயூரியிடம் ஏதோ கேட்டாள். மயூரி தயங்கினாள். "நீங்கள் கல்வெட்டுப் பாடுற ஆள் எண்டு நான் சொன்னனான், மாமி. தம்பிக்கு நீங்கள் பாடுறதெண்டால் தான் வாசிக்கிறாவாம். வேண்டாமெண்டால் விடுங்கோ."

நான் எழுந்து நின்றேன். ரெகுலா வில்லை வைத்தாள். முதல் சுரக்கூட்டு வந்து எனக்காக நின்றது. பாட்டுக்கு நான் என்றும் தடுமாறியதில்லை. ஆளையும் முறையையும் சொன்னால் நின்ற நிலையில் நாலு வரி தருவேன். இப்போதும் வந்தன. தாயே, தம்பியே, தணலே, புனலே என்று சொற்கள் வரிசையில் நின்றன. ஒன்றையும் வாயில் எடுக்க முடியவில்லை. எல்லாம் மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்த சொற்கள். வில் நுனிவரை போய்த் திரும்பியது. சத்தம் அறவில்லை, மாறவும் இல்லை. இன்னொரு தரம் திரும்பியது. அவள் என்னை அவசரப்படுத்தவில்லை. அதற்கப்புறம், அன்றைக்கு அந்தப் பட்டன் போனில் சொல்லியிருக்க வேண்டியதை, பாட்டாக இல்லாமல் வெறும் பேச்சாகச் சொன்னேன்.

"நேசன், அம்மா செத்துப் போனாடா. நாளைக்கு எடுக்கிறம். வாறதெண்டால் வா."